கருங்காலி என்று கத்தியவர்

என்னைக் கருங்காலி என்று அழைத்தவர் ஒரு பஸ் முதலாளி. தன் வாழ்நாளில் ஒரு நாளாவது இன்னொருவரிடம் கூலிக்கு நின்றவரில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்குத் தொழிலாளர் வைத்த அந்தச் சொல்லை எங்கே பொறுக்கினார் என்று எனக்குத் தெரியாது. இருபாலைச் சந்தியில், காலை வெயிலில், நடு வீதியில் என்னை மறித்து வைத்துக்கொண்டு அவர் அதைக் கத்தியபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நான் நெல்லியடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டியவன். பஸ் அவருடையது. இரவில் அது என் வீட்டு வளவில்தான் நிற்கும்; அவருடைய கொட்டிலில் அதைவிடப் புது பஸ்கள் நின்றன. எங்கள் வழித்தடத்தில் முதலாளிமாருக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவரும் அவர்தான். பஸ் ஓட்டுகிற றைவர்மாருக்கும் கொண்டக்டர்மாருக்கும் சங்கம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் முதலாளிமார் பஸ்ஸை நிறுத்தும் போதெல்லாம் பேப்பரிலும் ரேடியோவிலும் வருகிற செய்தி ஒன்றுதான்: தனியார் பஸ் ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பு.

ஊழியர்களாம். எங்களில் ஒருவரிடமும் யாரும் கேட்டதில்லை. பின்னேரம் ரெலிபோனுக்கு ஒரு செய்தி வரும், நாளைக்கு ஓட்டம் இல்லை என்று. நாள் சம்பளக்காரருக்கு ஓட்டம் இல்லை என்றால் அடுப்பும் இல்லை. அரசாங்க பஸ் எந்த இடத்தில் நிற்பது, தனியார் பஸ் எந்த இடத்தில் நிற்பது என்று அவர்களுக்குள் நடக்கிற இழுபறிக்கு, எங்களை வீட்டில் இருத்திவிட்டு, அதற்கு எங்கள் பெயரையே வைப்பார்கள். முதலாளி கேற்றைப் பூட்டி வேலைக்காரனை வெளியே விடுவதற்குத் தமிழில் கதவடைப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.

அப்படியொரு நாள் காலையில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நெல்லியடிக்குப் பக்கத்தில் வதிரியில் இருக்கும் ஒரு ரீச்சரம்மா. ஓய்வு பெற்றவர். சிறுநீரக வருத்தத்துக்காகக் கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர். எப்போதும் என் பஸ்ஸில் முன் சீற்றில் ஏறுவார்.

"தம்பி, இண்டைக்கு உங்கடை பஸ் இல்லையாமே? அரசாங்க பஸ் ஒண்டும் நிக்கேல்லை. தொங்கிக்கொண்டு போகுதுகள். நான் இண்டைக்குப் போகாட்டி மூச்சு முட்டும்."

நான் முதலாளிக்கு எடுத்துச் சொன்னேன். ரிக்கற் போடவில்லை, டீசலை நான் ஊற்றுகிறேன், வருத்தக்காரரை மட்டும் ஏற்றி இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"ஓட்டோ பிடிச்சுப் போகச் சொல்லு" என்றார். ரெலிபோனை வைத்துவிட்டார்.

அந்த மனுஷிக்கு ஓட்டோவில் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு இருக்க ஏலாது. முன்பு ஒருதரம் போய், பாதி வழியில் இறங்கி வீதிக்கரையில் படுத்தவர். நான் பஸ்ஸை எடுத்தேன். வழித்தடப் பலகையைக் கழற்றிவிட்டு, அவரையும், கிளினிக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடங்களில் நின்ற இன்னும் கொஞ்சப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வல்லை வெளி தாண்டும்வரை பின்னால் இருந்தவர்கள் ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வழியில் மறிப்பார்கள் என்று எல்லாருக்கும் பயம்.

இருபாலைச் சந்தியில் முதலாளி தன் காரைக் குறுக்கே விட்டுக்கொண்டு நின்றார். கூட நாலைந்து மோட்டார் சைக்கிள்கள்.

"எடேய், எல்லாரும் நிப்பாட்டியிருக்கேக்கை நீ மட்டும் ஓடுறியோ? கருங்காலி!"

"ஐயா, வருத்தக்காரர் இருக்கினம். ஒருத்தருக்கும் ரிக்கற் போடேல்லை."

"சங்கத்தின்ரை முடிவை மீறினவன் கருங்காலிதான்ரா."

"எந்தச் சங்கம், ஐயா? நான் அதிலை இல்லையே."

கூட நின்ற ஒருவன் பக்கக் கண்ணாடியைக் கட்டையால் அடித்தான். கண்ணாடி என் மடியில் கொட்டியது. அப்போது ரீச்சரம்மா முன் கதவால் மெல்ல இறங்கினார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. வேலிக் கம்பியைப் பிடிப்பதுபோல் பஸ்ஸைப் பிடித்துப் பிடித்து நடந்து, முதலாளியின் காருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சரி, பஸ் போக வேண்டாம். உங்கடை கார் நிக்குது. ஆஸ்பத்திரியிலை என்னைக் கொண்டுபோய் விடுங்கோ" என்றார்.

பஸ் தரிப்பிடத்தில் நின்ற சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. முதலாளி காரைப் பின்னால் எடுத்தார். நான் ரீச்சரம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது பின் கண்ணாடியில் வெள்ளைப் பெயின்ற்றால் அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள். பெற்றோல் துணியால் உரசியும் முழுதாகப் போகவில்லை. நெல்லியடிச் சந்தைக்குப் போன என் மனைவியிடம் மீன் விற்கிறவர், "உங்கடை மனுஷன் கருங்காலி எண்டு பேர் எடுத்திட்டாராமே" என்று சிரித்தபடி கேட்டாராம். அவர் சும்மா கேட்டிருப்பார். மனைவி மீன் வாங்காமல் வந்துவிட்டாள்.

இந்த மண்ணில் ஒரு மனிதன் மேல் ஒரு பெயரை ஒட்டினால் பிறகு அவனுக்கு என்ன நடக்கும் என்று எங்கள் வயதுக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. துரோகி என்ற பெயரோடு செத்தவர்களைச் சண்டைக் காலத்தில் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அதனால்தான் அந்தப் பெயின்ற் எழுத்து எனக்குப் பகிடியாகத் தெரியவில்லை.

அந்தச் சொல்லின் பெறுமதி எனக்குத் தெரியும் என்பது இன்னொரு காரணம். இளம் வயதில் நான் கொழும்பில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சிங்களவர், முஸ்லிம்கள், மலையகத் தமிழர், யாழ்ப்பாணத்தார் என்று எல்லாரும் அடுப்புக்கு முன்னால் ஒரே மாதிரி வெந்தோம். அங்கே உண்மையான தொழிற்சங்கம் இருந்தது. ஒரு தரம் வேலைநிறுத்தம் வந்தது. நாங்கள் கேற்றுக்கு வெளியே கிடுகுப் பந்தல் போட்டு இருந்தோம். என் வயதுதான் இருக்கும், மலையகத்தில் ஹற்றன் பக்கத்துப் பெடியன் ஒருவன் என் பக்கத்தில் படுப்பான். எங்களோடு நின்ற ஒருவர் ஒரு நாள் பின்பக்கக் கேற்றால் உள்ளே வேலைக்குப் போய்விட்டார். நான் உடனே, "கருங்காலிப் பயல்" என்றேன். பந்தலுக்கு வரும்வரை எனக்கு அது வன்னியில் இருந்து வருகிற கறுப்பு மரம். பிறகு பந்தலில் கேட்டுப் பழகிய ஒரு ஏச்சு.

அந்தப் பெடியன் என்னை அதட்டினான். "சும்மா வாயில வந்தத சொல்லாத. மொதல்ல போயி ஏன்னு கேக்கணும். அந்தப் பேர வச்சிட்டா அப்புறம் எடுக்க முடியாது" என்றான்.

சங்கத்துக்காரர் இரண்டு பேர் உள்ளே போனவரின் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல். மருந்துக்கு வழியில்லை. பந்தலில் சேர்த்த காசில் மருந்து போனது. மறுநாள் அவர் எங்களோடு வந்து நின்றார். ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இன்னொருவர் போனார், மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொன்னதை நம்பி. அவரிடமும் போய்க் கேட்டார்கள். கதவைச் சாத்தினார். அதன் பிறகுதான் அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னார்கள். தொழிலாளி தொழிலாளிக்குச் சொல்கிற சொல் அது. வெளியே பட்டினி கிடந்தவருக்குத்தான் அதைச் சொல்ல உரிமை இருந்தது. அதைக் கொண்டுவந்து, காரில் சாய்ந்து நின்று, தன் பஸ்ஸில் தான் வைத்த கூலிக்காரனைப் பார்த்து ஒரு முதலாளி கத்துகிறார்.

இருபாலைச் சந்தியில் நடந்ததற்குப் பிறகு முதலாளி என்னைச் சில நாள் வீட்டில் இருத்தினார். அந்தப் பழைய பஸ்ஸை ஓட்ட வேறு ஆள் கிடைக்காமல் திரும்பக் கூப்பிட்டார். போனேன். வேறு வழி இருக்கவில்லை.

பஸ்ஸின் பின்கதவில் ஏறுகிற இடத்துக் கைபிடி கறள் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. கொண்டக்டர் அதைப் பற்றி முதலாளியிடம் எத்தனையோ தரம் சொன்னான். அவனுக்கு முப்பது வயது இருக்கும்; உடுவிலில் பிறந்து, நெல்லியடியில் கலியாணம் செய்தவன். சனத்தோடு நன்றாகக் கதைப்பான், கிழவிகளுக்குக் கை கொடுத்து ஏற்றுவான். "வாற மாதம் பாப்பம்" என்பதுதான் எப்போதும் அவனுக்குக் கிடைத்த பதில்.

ஒரு பின்னேரம் வல்லை வெளியில், நிறைந்த பஸ், எதிர்க்காற்று. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தான். ஒரு பள்ளத்தில் பஸ் குதித்தது. கைபிடி கழன்று அவன் கையோடு போய்விட்டது. சனம் கத்திய சத்தத்தில் நான் பிரேக் அடித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது தார் வீதியில் கிடந்தான். கைபிடி இன்னும் கையில் இருந்தது. தொடை எலும்பு உடைந்து கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "அண்ணை, ரிக்கற் மிசின் எங்கை?" என்று கேட்டான். அதற்குப் பிறகு நினைவு தப்பிவிட்டது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் வந்தார். கட்டிலுக்கு அருகில் வரவில்லை. விறாந்தையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"குடிச்சிருந்தவனோ?"

"இல்லை ஐயா. அவன் குடிக்கிறேல்லை. கைபிடி கழண்டது."

"சரி. ஆனால் நான் என்ன செய்யிறது? அவன் என்ரை ஊழியன் இல்லைத்தானே. நாளுக்கு நாள் வந்து போறவன்."

கொண்டக்டரின் பெண்சாதி பக்கத்தில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸை நிறுத்தி அரசாங்கத்தை மிரட்டும்போது நாங்கள் இவர்களுடைய ஊழியர்கள். எலும்பு உடைந்தால் யாரோ வழிப்போக்கர்.

அடுத்த நாள் பின்னேரம் நெல்லியடியில் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் வழித்தடத்து றைவர்மாரும் கொண்டக்டர்மாரும் கூடினோம். அப்படிக் கூடியது அதுதான் முதல் தரம். கேட்டது இரண்டு விஷயம்: எல்லா பஸ்ஸிலும் கதவையும் கைபிடியையும் திருத்த வேண்டும், கொண்டக்டர் எழும்பி நடக்கும்வரை அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதுவரை ஓடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற சனத்தை என்ன செய்வது என்று நான் கேட்டேன். சந்தி ஓட்டோக்காரருடன் கதைத்தோம்; ஏலாதவர்களை அவர்கள் பஸ் காசுக்கே ஏற்றுவதாக ஒப்புக்கொண்டார்கள். ரீச்சரம்மாவுக்கு மட்டும், பின் சீற்றில் படுத்துக்கொண்டு போக, ஒருவர் தன் வான் வண்டியை விட்டார்.

மறுநாள் பஸ்கள் நின்றன. பேப்பரில் செய்தி வந்தது. பணிப்புறக்கணிப்பு என்று அல்ல. சாரதிகள் அடாவடி, பயணிகள் அவதி என்று. அதே பேப்பர்தான், முதலாளிமார் பஸ்ஸை நிறுத்தியபோது எங்களுக்கு மரியாதையான சொல் தந்த பேப்பர். வாசித்த உடனே கிழித்துப் போட்டேன்.

அடுத்த காலை முதலாளிமார் வெளியிலிருந்து றைவர்மாரை நெல்லியடிச் சந்திக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளி என் வளவிலிருந்து எடுத்துக்கொண்டுபோன பஸ்ஸில் ஒரு இளம் றைவர் ஏறி இருந்தான். எங்கள் ஆட்கள் ஊளையிடத் தொடங்கினார்கள். கல்லும் ஒன்று இரண்டு கையில் ஏறியது. "கொஞ்சம் பொறுங்கோ. முதல்லை கேப்பம்" என்று சொல்லிவிட்டு நான் அவனுடைய ஜன்னலடிக்குப் போனேன்.

"தம்பி, எங்கையிருந்து வாறீர்?"

"கொடிகாமம், அண்ணை."

"என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவை?"

"றைவருக்குக் காய்ச்சலாம். ரெண்டு நாளைக்கு ஓடித் தரச் சொன்னவை."

"இந்த பஸ்ஸின்ரை றைவர் நான்தான். எனக்குக் காய்ச்சல் இல்லை. இதின்ரை பின்கதவாலைதான் எங்கடை கொண்டக்டர் விழுந்து கால் முறிஞ்சு கிடக்கிறான். நம்பாட்டி இறங்கிப் போய்ப் பாரும்."

அவன் இறங்கினான். பின்பக்கம் போனான். கைபிடி இருந்த இடத்தில் நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். புதுக் கைபிடி போடவில்லை, கயிறு. அதைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தான். அவிழ்ந்து கையோடு வந்தது. ஒன்றும் பேசாமல் முன்னால் வந்து, எஞ்சினை நிறுத்தி, அதன் திறப்பை உருவி எடுத்து, தன் காருக்குப் பக்கத்தில் நின்ற முதலாளியிடம் நீட்டினான்.

"ஏறடா" என்றார் முதலாளி.

"ஏறமாட்டன், ஐயா. நீங்கள் சொன்னது பொய்."

அப்போது முதலாளி கத்தினார், மறுபடியும் அதே சொல்லை. "நீயும் கருங்காலியோடா?"

எங்கள் ஆட்களில் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைநிறுத்தத்தை உடைக்க மாட்டேன் என்று இறங்கி வந்தவனைப் பார்த்து அந்த மனுஷன் கருங்காலி என்கிறார். தனக்கு அடங்காதவனெல்லாம் அவருக்குக் கருங்காலி. நான் நேரே அவருக்கு முன்னால் போனேன்.

"ஐயா, அந்தச் சொல்லுக்கு என்ன கருத்தெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"நீ எனக்குப் பாடம் எடுக்கிறியோ?"

"ஓம், எடுக்கத்தான் போறன். வேலையை நிப்பாட்டி வெளியிலை பட்டினி கிடக்கிற சகதொழிலாளியை விட்டிட்டு, முதலாளிக்குப் பின்னாலை போறவனைத்தான் அப்பிடிச் சொல்லுறது. அது எங்கடை சொல். நாங்கள் எங்களுக்குள்ளை சொல்லுறது. உங்கடை வாயிலை அது வரக்கூடாது. இந்தத் தம்பியைப் பாத்துச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுங்கோ."

மன்னிப்பா. "இனி உனக்கு என்ரை பஸ் இல்லை" என்றார். "எனக்கு உங்கடை பஸ் வேண்டாம்" என்றேன். கொடிகாமத்துப் பெடியன் எங்களோடு அன்று மத்தியானம்வரை நின்றான். பிறகு எங்கள் ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவனைக் கொண்டுபோய் வீட்டில் விட்டார்.

எங்களுக்குள்ளும் ஒருவர் இருந்தார். தேத்தண்ணிக் கடையின் பின்னால் எங்களோடு கூடி, கை உயர்த்தி, முதல் நாள் எங்களோடு நின்றவர். எங்களில் மூத்த றைவர்களில் ஒருவர். அவர் மூன்றாம் நாள் விடிய முதலாளியின் புது பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் இன்னொருவரும் அவருடைய வீட்டுக்குப் போனோம். வீட்டில் ஏதும் கஷ்டமா, வருத்தமா, என்ன என்றாலும் சொல்லுங்கோ, பாப்பம் என்று கேட்டோம்.

"ஒரு கஷ்டமும் இல்லை. முதலாளி அந்த பஸ்ஸை எனக்கே தாறன் எண்டவர். நீங்களெண்டால் விடுவியளோ?" என்றார்.

"கொண்டக்டர் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான், அண்ணை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

முதலாளி ஆஸ்பத்திரி விறாந்தையில் சொன்ன அதே கதைதான். வாசல் படலையடியில் நின்றபடி நான் அவரைக் கருங்காலி என்று சொன்னேன். கத்தவில்லை. ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். அவருடைய முகம் செத்துப்போனது. அதைக் கேட்டு என்ன செய்வதென்று தெரியாமல் சேர்ட் பொத்தானைப் பிடித்துத் திருகினார். முதலாளி அதே சொல்லை எத்தனை தரம் கத்தினாலும் காற்றோடு போகும். எங்களில் ஒருவன் சொன்னது அவருக்குச் சுட்டது. எனக்கும் அது சந்தோஷமாக இருக்கவில்லை.

கடைசியில் முதலாளிமார் இறங்கி வந்தார்கள். விபத்துக்குப் பிறகு பஸ்களுக்குப் பொலிஸ் சோதனை வரும் என்ற பயம் அவர்களுக்கு. எல்லா பஸ்ஸிலும் கைபிடியும் கதவும் திருத்தப்பட்டன. இன்றைக்கும் நெல்லியடி பஸ்ஸில் ஏறும்போது நீங்கள் பிடிக்கிற இரும்பு அப்போது போட்டதுதான். கொண்டக்டருக்குச் சம்பளம் சில மாதம் வந்து, பிறகு ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டது. தொழில் திணைக்களத்துக்கு அவன் எத்தனையோ தரம் நொண்டி நொண்டி ஏறி இறங்கினான். ஒரு கால் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. இப்போது ஒரு இரும்புக் கடையில் கதிரையில் இருந்து சாமான் கொடுக்கிறான். கைபிடி வாங்க வருகிற ஆட்களிடம் நல்லதைத்தான் எடுத்துக் கொடுப்பானாம். விலை குறைந்ததைக் கேட்டால் கோபப்படுவானாம்.

என்னைத் திரும்ப எடுக்கவில்லை. மற்றவர்கள் எனக்காக இன்னொரு நாள் நிறுத்தத் தயாராக இருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்; கிடைத்ததும் போய்விடும் என்று பயந்தேன். இப்போது வல்வெட்டித்துறையிலிருந்து மீன் லொறி ஓட்டுகிறேன். பஸ்காரர் இப்போது ஒரு சங்கம் பதிந்திருக்கிறார்கள். என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். போவேன்.

போன வருஷம் முதலாளி ஆள் அனுப்பினார். றைவர்மார் எல்லாரும் வெளிநாடு போகிறார்கள், ஆள் தட்டுப்பாடு. மாட்டேன் என்று நேரில் போய்ச் சொல்லுவோம் என்று போனேன். வீட்டு முன் விறாந்தையில், மாபிள் தரையில், கதிரை போட்டுத் தந்தார்.

"பழசை மறப்பம்" என்றார். "புது பஸ் ஒண்டு வருகுது. நீ ஓடு."

"உடைஞ்சது என்ரை கால் இல்லை, ஐயா. நெல்லியடியிலை அவன் இருக்கிறான். அவனிட்டைப் போய்க் கேளுங்கோ. அவன் மறந்தால் நானும் மறப்பன்."

அவர் சுவரைப் பார்த்தார். நான் எழும்பினேன். உள்ளிருந்து அவருடைய மனைவி தட்டத்தோடு வந்தார். என்ன நடந்தது என்று தெரியாத நல்ல மனுஷி. "என்ன, எழும்பிட்டியள்? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, தம்பி" என்றார்.

"வேண்டாம், அம்மா" என்று சொல்லிவிட்டுக் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். லொறி வீதியில் நின்றது. மீன் வெயிலில் கிடந்தது. போக நேரமாகிவிட்டது.